பட்டை இலையின் பெயர்

இன்று காலை சமையலறைத் தொட்டியில் ஒரு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுகிற இடத்தில் கல்லைக் கொண்டுவந்து போடாதே என்று வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள். இப்போது சொல்வதை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் பட்டதும் அந்த வாசனை எழுந்தது. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை ஈரத்துணியால் துடைக்கும்போது வருமே, அதுதான். படூரில், ஐந்தாவது மாடியில், குக்கர் விசிலுக்கு நடுவே அந்த வாசனை வந்ததும் கையைக் குழாயடியில் அப்படியே விட்டுவிட்டு நின்றேன்.

நீ போனபிறகு உனக்கு நான் ஒரு வரியும் எழுதியதில்லை. எழுதுகிற ஆளும் நானில்லை. நம் இருவரில் எழுதியதெல்லாம் நீதான். நான் அளந்தேன், படம் வரைந்தேன், கல் சுமந்தேன். இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிடுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஈரக்கை காயக்கூட இல்லை.

செங்கல்பட்டில் எம்.எஸ்ஸி. தாவரவியல் முதல் நாள் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்தேன். அப்பா வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். வீட்டில் இன்னும் அந்த ஊர்ப் பேச்சுதான். நீ கடப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாய். தாமதமாக வந்தவள் நேராக என் பெஞ்சுக்கு வந்து, "ஏ, நகுரு. ஜன்னலாண்ட நான் குந்தணும். எனக்கு மூச்சு வாங்கும்" என்றாய். கேட்கவில்லை, சொன்னாய். நான் நகர்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ விஷயங்களில் அப்படித்தான் நகர்ந்திருக்கிறேன்.

மூச்சு ஏன் வாங்கும் என்பதை மதியச் சாப்பாட்டின்போது, நெத்திலி வறுவலை மென்றுகொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாய். "சின்ன வயசுல காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கிக்கிச்சு. காய்ச்சல் பூடுச்சு. ஆனா நெஞ்சுல ஒரு வால்வக் கெடுத்துட்டுப் பூடுச்சு." மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நீ நொண்டி நொண்டி நடப்பாய். "ஏட்டி, வலிக்கா?" என்று நான் கேட்டதற்கு நீ வலியை மறந்துவிட்டுச் சிரித்தாய். "ஏட்டியா? இன்னா பாஷைடி இது?" அன்றிலிருந்து என்னை அழைக்க உனக்கு வேறு பெயர் தேவைப்படவில்லை. ஏட்டி என்றால் நான்தான்.

அப்படி ஒரு ஊசி நாளில்தான் நமக்கு அந்தக் கல் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் ஒரு காலிமனையை மேடாக்க மண் கொட்டியிருந்தார்கள். செம்மண்ணுக்கு நடுவே வெளுத்த கட்டிகள். நீ வலி பொறுக்காமல் அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்தாய். கைக்கு அகப்பட்ட ஒரு கட்டியை எடுத்து நோண்டினாய். அது ஏடு ஏடாகப் பிரிந்தது. உள்ளே, வெள்ளைக் கல்லில், துருவின் நிறத்தில் ஓர் இலை. நடுநரம்பு, இருபுறமும் சீப்பின் பல் மாதிரி சிற்றிலைகள்.

புத்தகத்தில் ஷேல் என்று படித்திருந்தோம். அடுக்கடுக்காகப் படிந்த சேறு இறுகிக் கல்லானது. செங்கல்பட்டு வட்டாரத்தில் அது உண்டு என்றும், பூக்கும் செடிகள் பரவுவதற்கு முந்தைய காலத்து இலைகள் அதில் பதிந்திருக்கும் என்றும் படித்துப் பரீட்சையில் எழுதியும் இருந்தோம். உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியிலேயே அது வரும் என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

அடுத்த லோடு மண்ணோடு ஒரு லாரி வந்தது. நீ எழுந்து நடுவில் போய் நின்று கையைக் காட்டினாய். "இந்த மண்ணு எங்கேந்துண்ணா வருது? எங்கள அங்க இட்டுகினு போறியா?" வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், நாம் இருவரும் லாரியின் முன்சீட்டில் இருந்தோம்.

ஊருக்கு மேற்கே ஒரு சவுட்டு மண் குழி. மனைகளை மேடாக்குவதற்கு மண் வெட்டி எடுக்கிற இடம். மேலே செம்மண், அதற்குக் கீழே ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளை ஷேல். மேற்பார்வை பார்த்த ஏழுமலை அண்ணன் நம்மைப் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்தார். "இன்னாமா, காலேஜ் பொண்ணுங்களுக்கு இங்க இன்னா வேல?"

"அண்ணாத்த, இந்தக் கல்லுக்குள்ள எல கீது பாரேன்."

அவர் வாங்கிப் பார்த்தார். "அட, ஆமா. யாராவது வரஞ்சதா?"

"யாரும் வரயல. அது தானா படுத்துகினு இருந்திச்சு. இது பூமியில மனுசனே இல்லாத காலத்து எல."

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார். "எனக்கு வேணாம்மா, நீயே வச்சிக்க. லாரி பின்னாடி வர்றப்ப மட்டும் ஒதுங்கி நில்லுங்க." நமக்குக் கிடைத்த அனுமதி அவ்வளவுதான். அது பல வருடங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சீப்பு இலையைப் புத்தகத்தில் பார்த்துப் பெயர் சொல்லிவிட முடிந்தது. அது ஈச்சை மாதிரி இருக்கும் சைக்கஸ் செடிக்குத் தூரத்து உறவான ஒரு வகை. இந்தப் பாறையில் அதுதான் அதிகம். நம்மைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. ரிப்பன் மாதிரி நீளமாக, பிளவில்லாத இலை. தடித்த நடுநரம்பு. அதிலிருந்து பக்க நரம்புகள் நேராக விளிம்புக்குப் போகும். நாம் அதற்குப் பட்டை இலை என்று பெயர் வைத்தோம். இப்படிப்பட்ட இலை பெரணியிலும் உண்டு, சைக்கஸ் கூட்டத்திலும் உண்டு. வெறும் இலையை வைத்து எதுவென்று சொல்ல முடியாது. மேல்தோல் மிஞ்சியிருந்தால் நுண்ணோக்கியில் பார்க்கலாம். நம் கல்லில் தோல் இல்லை, அச்சு மட்டும்தான். விதையோ, பெரணி இலையின் அடியில் வரும் வித்துப்பையோ, காம்போடு ஒட்டிய கூம்போ கிடைத்தால்தான் உண்டு.

நீ ஒரு விஷயத்தைக் கவனித்தாய். பட்டை இலை கிடைக்கிற அடுக்கில் எல்லாம் கூடவே ஒரு சிறு கூம்பு கிடைத்தது. செதில் செதிலாக, கட்டைவிரல் நீளத்தில், சைக்கஸ் கூட்டத்துக் கூம்பு. இரண்டும் ஒரே செடியுடையவை என்று நீ முடிவு செய்தாய். பெரணிக்கு இப்படிக் கூம்பு கிடையாது. அப்படியானால் பட்டை இலை பெரணி இல்லை.

பேராசிரியரிடம் கொண்டுபோனோம். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "இது பெரணி" என்றார்.

"அப்ப இந்தக் கூம்பு, சார்?"

"பக்கத்துல கிடந்தா உறவாயிடுமா? செங்கல்பட்டு ஜங்ஷன்ல பக்கத்துல பக்கத்துல நிக்கிறவங்க எல்லாம் ஒரே குடும்பமா?"

லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "தெனமும் அதே ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துலயே நின்னா, இன்னாவோ கீதுன்னுதான சார் அர்த்தம்?"

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக இருந்தது. சாரும் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

அவரிடமே ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாய். உன் தலைப்பில் பட்டை இலைதான் பெரிய பகுதி. வருடங்கள் போயின. கூம்பும் இலையும் எத்தனை கல்லில் சேர்ந்து கிடக்கின்றன என்று நாம் கணக்கெடுத்தோம், வரைபடம் போட்டோம். சென்னையில் ஒரு கூட்டத்தில் இரண்டு பேர் பெயரிலும் கட்டுரை படித்தாய். அது அச்சிலும் வந்தது. பட்டை இலை சைக்கஸ் கூட்டத்தைச் சேர்ந்தது என்று நம் பெயருக்குக் கீழே இன்றைக்கும் இருக்கிறது. சார் மட்டும் உன் ஆய்வேட்டின் அந்த அத்தியாயத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "ஒட்டியிருக்கிற ஒண்ணைக் கொண்டு வா, போடறேன்" என்றார். "மாத்தி எழுது, இப்பவே போடறேன்" என்றும் சொன்னார். நீ மாற்றி எழுதவில்லை. பதிவை விட்டுவிட்டு வந்தாய்.

அன்றைக்குக் கொளவாய் ஏரிக்கரையில் நான் அழுதேன். நீ வேர்க்கடலை தின்றாய். "பட்டம் இல்லாங்காட்டி கல்லு ஓடிடுமா? அங்கயேதான் கீது. ஞாயித்துக்கெயம வா" என்றாய்.

நீ மாமல்லபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சரானாய். எனக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்தது. எனக்குக் கல்யாணமானது. நீ, "எனக்கு ஊசி போட்டுக்கவே நேரம் பத்தல" என்று சொல்லி, பெண் பார்க்க வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினாய். விடுமுறை நாட்களில் குழிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. கல்லைப் படுக்கவைத்து அடித்தால் நொறுங்கும். விளிம்பில் நிறுத்தி, உளியை மடிப்பில் வைத்து மெல்லத் தட்டினால் புத்தகம் திறப்பது போலத் திறக்கும். அடிப்பது நான், திறந்ததைப் பார்ப்பது நீ. காம்போடு கூம்பு ஒட்டிய ஒரே ஒரு கல் போதும் என்று தேடினோம். அது கிடைக்கவில்லை.

புதிய நூற்றாண்டு பிறந்து இரண்டொரு வருடத்தில் உனக்குப் படி ஏறுவது முடியாமல் போனது. பிறகு பஸ் ஏறுவதும். வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். நீ நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கடப்பாக்கத்தில் இருந்தாய். உன் அம்மா அஞ்சலையம்மாள் காலையில் மீன் கூடையோடு போய்விட்டு மதியம் திரும்புவார். பகல் முழுக்கச் சும்மா இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று நீ சொன்னதால், நாம் வகைப்பிரிக்காமல் ஒதுக்கிவைத்திருந்த உடைசல் கற்களை இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டு உன் வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். தெளிவில்லாதவை, பாதி அச்சு, விளிம்பு மட்டும் இருப்பவை. எதற்கும் உதவாது என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

ஒருநாள் கல்லூரி அலுவலகத்துக்கு உன் போன் வந்தது. நான் பதறிப்போய் எடுத்தேன். "ஒடம்பெல்லாம் நல்லாதான் கீது. நீ வா. லென்ஸ எடுத்துகினு வா." வைத்துவிட்டாய்.

நான் வந்து சேர்ந்தபோது சாயங்காலம். உன் கட்டிலை மேற்கு ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். வெளியே உப்பங்கழித் தண்ணீரில் வெயில் சரிந்து கிடந்தது. ஜன்னல் கட்டையில் துண்டை விரித்து அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தாய். பட்டை இலையின் பாதித் துண்டு.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீயே பாரு."

பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நீ என் கையிலிருந்து கல்லை வாங்கி, சாய்ந்த வெயிலுக்கு எதிரே லேசாகச் சரித்துப் பிடித்தாய். விளிம்பை ஒட்டி, ஒவ்வொரு பக்க நரம்பின் மேலும் ஒரு சின்ன மேடு. அரிசி மணி அளவு. அடுத்த நரம்பில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாக வித்துப்பைகள். பெரணிக்குத்தான் அப்படி இருக்கும்.

"மணல் துகளா இருக்கும்" என்றேன்.

"மணலு இப்டி வரிசையா, ஒரே அளவுல, நரம்பு மேலயே குந்திகினு இருக்குமா?"

"பூச்சி கடிச்சிருக்கும்."

"பூச்சி இன்னா, ஸ்கேல் வச்சி அளந்து கடிச்சிச்சா?"

"அப்போ அந்தக் கூம்பு?"

"அது வேற யாரோடதோ. பக்கத்துல நின்னுகினு இருந்திருக்கான், அவ்ளோதான்." சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். "சார் சொன்னது சரிடி. இது பெரணிதான்."

நம் இருவரைத் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது. உடைசல் பெட்டியில் திரும்பப் போட்டால் உடைசலாகவே இருந்துவிடும். இது உனக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் கொஞ்ச நேரம் இருவருமே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நீதான் முதலில் பேசினாய்.

"சாரப் பாத்து சொல்லணும். ஆனா அதுக்கு முன்னாடி இன்னொண்ணு வோணும். ஆதாரம் பத்தாம பேசித்தான் இத்தினி பேஜாரு. இந்தத் தபா ஒயுங்கா செய்யணும்."

ஏழுமலை அண்ணனுக்குப் போன் செய்தேன். குழியை மூடி மனை பிரிக்கப் போகிறார்களாம், கிழக்குப் பக்கம் ஏற்கெனவே தூர்த்தாகிவிட்டதாம். நான் மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்றேன். நீ கேட்பாயா? அம்மாவிடம் ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு, செங்கல்பட்டு வரை பஸ்ஸிலும் அங்கிருந்து ஆட்டோவிலும் வந்து இறங்கினாய். ஆட்டோவிலிருந்து குழி விளிம்பு வரை நடக்கவே நின்று நின்று வர வேண்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"இதுக்குத்தான் வராதேன்னேன்."

"நீ ஒடை. நான் பாக்கறேன். மூச்சு வாங்கறது என் வேல, கல்லு ஒடைக்கறது உன் வேல. ரெண்டையும் நீயே செய்யாத."

ஏழுமலை அண்ணன் ஓர் இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு உன்னை உட்காரவைத்தார். குடையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உன் கையில் கொடுத்தார். மண் தள்ளுகிற பொக்லைனை நம் பக்கம் வராமல் மறுகோடிக்கு அனுப்பிவிட்டு வந்து நின்றார்.

"சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் வராது. மொதலாளி கேட்டா நான் சொல்லிக்கறேன். நீங்க இன்னாத்த தேடறீங்கம்மா, தங்கமா?"

"நான் சொன்னது தப்புன்னு காட்டறதுக்கு ஒரு கல்லு வோணும் அண்ணாத்த."

அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "சரி, தேடுங்க" என்றார்.

நான் உடைத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, அது உடைந்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி உடைத்தேன். திறந்த ஒவ்வொரு ஏட்டையும் நீ வாங்கிச் சரித்துப் பார்த்து, "இல்ல" என்று இடது பக்கம் வைத்தாய். உச்சி வெயிலில் எதுவும் தெரியாது என்று குடையின் நிழலை வைத்துச் சாய்வெளிச்சம் உண்டாக்கப் பார்த்தாய். சாப்பிடச் சொன்னால், "அப்பால" என்றாய். உன் கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. போதும் என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். உன் முகத்தைப் பார்த்துவிட்டு உளியை எடுத்தேன்.

வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பெரிய பலகை திறந்தது. கை நீளத்துக்கு முழுப் பட்டை இலை, அடிப்பக்கம் மேலே பார்த்தபடி. நீ சரித்துப் பிடிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரண்டு விளிம்பிலும், அடி முதல் நுனி வரை, நரம்புக்கு ஒன்றாக அரிசி மணிகள் வரிசை கட்டியிருந்தன.

நீ அதை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாய். நான் உன் தோளைத் தொட்டேன். அழுகிறாய் என்று நினைத்தேன். இல்லை. உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இத்தினி வருஷமா இது யாருன்னே தெரியாம பேசிகினு இருந்தோம்டி. இப்ப தெரிஞ்சிடுச்சில்ல?"

பட்டம், வேலை, அந்தக் கட்டுரை எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. உனக்கு அந்த நிமிடத்தில் அவை எதுவும் ஞாபகத்தில் இல்லை என்பது நிச்சயம். அதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆனது.

சார் ஓய்வுபெற்று ஏரிப் பக்கம் வீடு கட்டியிருந்தார். துணியில் சுற்றிய இரண்டு கற்களையும் நீ அவர் மேஜையில் வைத்தாய். "நீங்க சொன்னது சரி சார். பெரணிதான்." வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவர் கண்ணாடியை மாட்டி, ஜன்னலருகே போய் வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு சார் கல்லை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நான் பெரணின்னு சொன்னதுக்கு என்கிட்ட ஒரு ஆதாரமும் கிடையாதும்மா. பார்வைக்கு அப்படித் தோணிச்சு, சொன்னேன். வருஷம் ஆக ஆக அதையே பிடிச்சுக்கிட்டேன். ஆதாரம் இப்பதான் பாக்கறேன். இது உன்னுது."

"உங்க பேரையும் போடலாமா சார்?"

"வேண்டாம். குருட்டாம்போக்குல சொன்னது சரியாப் போச்சுன்னா அதுக்குப் பேர் போட்டுக்கக் கூடாது." கல்லை உன் பக்கம் நகர்த்தினார். "எழுது. எது தப்புன்னு முதல்ல எழுது."

"அத்த எழுதிகினுதான் வந்தேன் சார்."

உண்மைதான், உன் பையில் முதல் பக்கம் தயாராக இருந்தது. ஆங்கிலத்தில் மழுப்புவதற்கு ஆயிரம் சொல் உண்டு. முந்தைய கருத்து மறுபரிசீலனைக்கு உரியது என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை நான் சொன்னேன். நீ கேட்டுவிட்டு, அப்படி எழுதினால் எவனுக்குப் புரியும் என்றாய். நாங்கள் முன்பு எழுதியது தவறு என்று ஒரே வரியில் எழுதினாய். அதற்குக் கீழேதான் மற்றதெல்லாம். படம் இரண்டையும் நான் வரைந்தேன். அரிசி மணிகளை ஒன்றுவிடாமல் வரைந்தேன்.

அதை அனுப்பிய பிறகே அறுவைக்குச் சம்மதித்தாய். சென்னையில் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நான் வந்து பார்த்தபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நெஞ்சுக்குள் புது வால்வு டிக் டிக்கென்று சத்தம் போடுவதாகச் சொல்லி என் காதை இழுத்துக் கேட்கவைத்தாய். "அந்தக் கூம்பு இப்ப அனாத ஆயிடுச்சு. அது யாருதுன்னு பாக்கணும்" என்றாய். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. அதோடு எல்லாம் முடிந்தது. நான் வந்து சேர்வதற்குள் உன்னைக் கடப்பாக்கத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கட்டுரை சில மாதங்கள் கழித்து வந்தது. உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. தனிப்பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். அஞ்சலையம்மாள் வாசலில் வலை நிழலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். உன் பெயர் எது என்று கேட்டு அதன்மேல் விரலை வைத்தார்.

"இன்னா எழுதிகீதும்மா இதுல?"

இலை, பெரணி, கூம்பு என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பிறகு நேராகச் சொன்னேன். "இத்தனை வருஷமா நான் சொல்லிக்கிட்டிருந்தது தப்பு. இன்னொருத்தர் சொன்னதுதான் சரி. அதை நானே கண்டுபிடிச்சேன். அப்படின்னு எழுதியிருக்காம்மா."

உன் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம் பொண்ணா? தப்புன்னு ஒத்துக்கினாளா?"

"ஆமாம்மா. முதல் பக்கத்துலயே."

"இங்க வூட்ல ஒரு நாளு ஒத்துக்கினது இல்லியே அவ!" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பக்கத்து வீட்டை நோக்கி, "ஏ, இத்த வந்து கேளுங்கடி!" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. நான் கருவாட்டுப் பாயின் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் காகிதத்தை அவர் மடிக்கவில்லை. மடித்தால் எழுத்து கெட்டுவிடும் என்று இரண்டு கையாலும் விரித்தபடியே பிடித்திருந்தார்.

இதெல்லாம் நடந்து வருடங்களாகின்றன. உன் அனாதைக் கூம்பை நான் எடுத்துக்கொண்டேன். குழி இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஆனால் ஷேல் அந்தக் குழியோடு முடிந்துவிடவில்லையே. கிணறு வெட்டுகிற இடம், பாலத்துக்குத் தோண்டுகிற இடம் என்று விசாரித்துப் போகிறேன். தனியாகப் போனால் அடிப்பதும் பார்ப்பதும் நானே செய்ய வேண்டியிருக்கிறது. மெதுவாகத்தான் நடக்கிறது. நடக்கிறது.

நடுவில் ஒருமுறை அந்தக் கூம்பு ஒரு சீப்பு இலைச் செடியுடையது என்று நான் நம்பினேன். ஒரு கூட்டத்தில் சொன்னேன், அச்சிலும் போட்டார்கள். பிறகு என் கையாலேயே உடைத்த ஒரு கல், அது இல்லை என்று காட்டிவிட்டது. போன வருடம் சென்னையில் ஒரு கூட்டம். பெரிய ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து போய், நான் இதற்கு முன் சொன்னது தவறு என்று ஆரம்பித்தேன். கல்லின் படத்தைக் காட்டினேன், காரணத்தைச் சொன்னேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கொஞ்சம் கிண்டலாகவே கேட்டார். "அதுவும் இல்லை என்றால், பின்னே எதுதான் அம்மா?"

"இன்னும் தெரியாது" என்றேன். "தேடிக்கொண்டிருக்கிறேன்."